கெய்ரோவில் கைவிடப்பட்ட கணக்கு

மக்கள்தொகை குறித்த பன்னாட்டு ஒத்துழைப்பின் வரலாற்றை மாநாடுகளின் வரலாறாக எழுதுவதே வழக்கம். 1974இல் புக்காரெஸ்ட், 1984இல் மெக்சிகோ நகரம், 1994இல் கெய்ரோ எனப் பத்தாண்டுக்கு ஒன்றாக அவை அமைந்துவிட்டதால் அவ்வாறு எழுதுவது எளிதும்கூட. ஆயினும் அவ்வரங்குகளில் பேசப்பட்டவற்றின் நடைமுறைப் பொருளை அறிய, இந்தியச் சிற்றூர்களில் பணிபுரிந்த செவிலியருக்கு மேலிருந்து ஆண்டுதோறும் விதிக்கப்பட்ட எண்ணைப் பார்க்க வேண்டும். இத்தனை லூப் (கருப்பையினுள் பொருத்தும் கருத்தடைச் சாதனம்), இத்தனை கருத்தடை அறுவைச் சிகிச்சை என்று முறைவாரியாகவும் காலவரையறையோடும் வகுக்கப்பட்ட அவ்வெண்ணுக்கு 'இலக்கு' என்று பெயர். அது வேரூன்றியதிலும் பின்னர் நீக்கப்பட்டதிலும் பன்னாட்டு ஒத்துழைப்புக்குப் பங்கு உண்டு.

தொடக்கம் 1952இல் அமைந்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் 65 லட்சம் ரூபாய் ஒதுக்கி, குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக ஏற்ற முதல் நாடு என்ற பெயரை இந்தியா பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் பம்பாயில் கூடிய மாநாட்டில் பன்னாட்டுக் குடும்பத் திட்டக் கூட்டமைப்பு நிறுவப்பட்டு, அமெரிக்காவின் மார்கரெட் சாங்கரும் இந்தியாவின் தன்வந்தி ராமராவும் அதன் கூட்டுத் தலைவர்களாயினர். கத்தோலிக்க நாடுகளும் பொதுவுடைமை நாடுகளும் வெவ்வேறு காரணங்களால் எதிர்த்து நின்றமையால், ஐக்கிய நாடுகள் அவை நெடுங்காலம் மக்கள்தொகையைக் கணக்கிடுவதோடு நின்றது. எனவே உதவி முதலில் தனி அறக்கட்டளைகள் வழியாகவும், பின்னர் ஓர் அரசு மற்றோர் அரசுக்கு நேரடியாக வழங்கும் ஏற்பாட்டின் வழியாகவும் வந்தது. இத்தகைய அரசுமுறை உதவிக்கு முன்னோடி, 1958இல் சுவீடன் இலங்கையுடன் செய்துகொண்ட ஒப்பந்தம். இருந்தாலும் இத்துறையின் எல்லாக் கருவிகளும் வெளியிலிருந்து வந்தவை என்று கொள்வது பொருந்தாது. 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தி, பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளராகப் பணியாற்றிய ஆர்.ஏ. கோபாலசாமியின் முயற்சியால், கருத்தடை அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்குச் சிறு தொகை வழங்கும் முறையை 1950களின் பிற்பாதியிலேயே சென்னை அரசு தொடங்கிவிட்டது.

ஊக்கத்தொகையோடு இலக்கும் சேர்ந்தது 1960களின் நடுப்பகுதியில். மக்கள்தொகைக் கட்டுப்பாட்டில் இடும் ஐந்து டாலருக்கும் குறைவான தொகை, பொருளாதார வளர்ச்சியில் இடும் நூறு டாலருக்கு ஈடாகும் என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் 1965இல் சான் பிரான்சிஸ்கோவில் அறிவித்தார். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் பருவமழை பொய்த்து இந்தியா அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்த வேளையில், கப்பல்களை நீண்டகால ஒப்பந்தமின்றிச் சிறுசிறு தவணைகளாக மட்டுமே அனுப்ப அவர் ஒப்புதல் அளித்தார். வேளாண் கொள்கை மாற்றத்தோடு குடும்பக் கட்டுப்பாட்டை விரைவுபடுத்துவதும் அந்த நெருக்குதலின் உட்பொருளாக இருந்தது. 1966இல் நடுவண் அரசில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்று தனித் துறை உருவாயிற்று. மாநிலம், மாவட்டம், ஆரம்பச் சுகாதார நிலையம் என இலக்கு படிப்படியாகப் பங்கிடப்பட்டது. சென்னையில் பயின்ற மக்கள்தொகை அறிஞரான எஸ். சந்திரசேகர் 1967இல் இத்துறையின் அமைச்சரானார். 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த முகாமில் 63 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் அறுவை செய்துகொண்டது உலக அளவில் வியந்து பேசப்பட்டது. எண்ணிக்கை வெற்றியின் அளவுகோலாகிவிட்ட காலம் அது.

இந்தப் பின்னணியில்தான் 1974 ஆகஸ்டில் அரசுகளின் பேராளர்கள் மக்கள்தொகைக் கொள்கையை விவாதிக்க முதன்முறையாகப் புக்காரெஸ்டில் கூடினர். பிறப்பு விகிதத்தைக் குறைப்பதற்கு உலகளாவிய இலக்குகள் வேண்டுமென்று அமெரிக்கா வலியுறுத்த, வறுமைக்குக் காரணம் குழந்தைகளின் எண்ணிக்கை அன்று, நீதியற்ற உலகப் பொருளாதார ஒழுங்கே என்று அல்ஜீரியா, சீனா முதலிய நாடுகள் மறுத்தன. வளர்ச்சியே சிறந்த கருத்தடை சாதனம் என்ற பொருளில் இந்தியப் பேராளர் குழுத் தலைவர் கரண் சிங் கூறியது அம்மாநாட்டின் முத்திரை வாசகமாகவே நிலைத்துவிட்டது. ஆனால் அதே கரண் சிங், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஏப்ரலில் வெளியிட்ட தேசிய மக்கள்தொகைக் கொள்கை அறிக்கையில், கல்வியும் பொருளாதார முன்னேற்றமும் பிறப்பு விகிதத்தைக் குறைக்கும் வரை காத்திருப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று எழுத நேர்ந்தது. அவ்விரு கூற்றுகளுக்கும் இடையே கழிந்த காலம் இரண்டாண்டு கூட இல்லை. 1976-77இல் 43 லட்சம் என்ற இலக்குக்கு எதிரே 82 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. ஆசிரியர்களின் ஊதியம், குடிசைவாசிகளின் மனை, கடன், உரிமம் எனப் பலவும் அறுவைச் சான்றிதழோடு பிணைக்கப்பட்டன. அந்த அறுவைகளோடு தொடர்புடையனவாக 1,774 இறப்புகளை, நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையம் பின்னர்ப் பதிவு செய்தது. 1976 நவம்பரில் இந்தியா வந்த உலக வங்கித் தலைவர் ராபர்ட் மக்னமாரா, அரசின் அரசியல் உறுதியைப் பாராட்டிச் சென்றார். 1977இல் ஆட்சி மாறியபின் துறையின் பெயர் 'குடும்ப நலம்' என்று மாற்றப்பட்டதே தவிர, இலக்கு முறை மாறவில்லை. ஆண்களிடம் ஏற்பட்ட அச்சத்தின் விளைவாக அதன் சுமை ஏறக்குறைய முழுவதும் பெண்கள்மீது இறங்கியது.

உலக அமைப்புகள் இதிலிருந்து உடனே பாடம் கற்றதாகத் தெரியவில்லை. 1983இல் ஐ.நா. முதன்முறையாக வழங்கிய மக்கள்தொகை விருது இந்திரா காந்திக்கும், ஒற்றைக் குழந்தைக் கொள்கையை நடைமுறைப்படுத்திய சீன அமைச்சர் சியன் சின்ஜோங்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் தியோடர் ஷுல்ட்ஸ் அத்தேர்வை ஏற்க மறுத்து அவ்விருதின் ஆலோசகர் பட்டியலிலிருந்து விலகினார். மறு ஆண்டு மெக்சிகோ நகரில், மக்கள்தொகைப் பெருக்கம் தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று என்று அமெரிக்காவின் ரேகன் அரசின் பேராளர்கள் வாதிட்டதோடு, கருக்கலைப்போடு தொடர்புடைய வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கு உதவி இல்லை என்றும் அறிவித்தனர். அன்று முதல் வாஷிங்டனில் கட்சி மாறும்போதெல்லாம் அத்தடை நீங்குவதும் திரும்புவதும் வாடிக்கையாகிவிட்டது.

திருப்பம் அரசுகளிடமிருந்து வரவில்லை. மூன்றாம் உலகப் பெண் ஆய்வாளர்கள் 1984இல் பெங்களூரில் கூடி உருவாக்கிய வலையமைப்பும், கட்டாய அறுவையையும் ஆய்வு முழுமை பெறாத கருத்தடை ஊசிகளையும் எதிர்த்த இயக்கங்களும், பிறப்பைத் தடுப்பது, பிறப்பை வற்புறுத்துவது ஆகிய இரண்டிலும் பெண்ணுடல் அரசின் கருவியாக்கப்படுவதைச் சுட்டிக்காட்டி வந்தன. 1994 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் ஒன்றுகூடித் தங்கள் நிலைப்பாட்டை வகுத்துக்கொண்ட பெண்கள், செப்டம்பர் 5 முதல் 13 வரை கெய்ரோவில் நடந்த மாநாட்டுக்கு, சில நாடுகளின் அதிகாரப்பூர்வப் பேராளர்களாகவே சென்றனர். மாநாட்டின் பொதுச் செயலாளராக இருந்தவர் பாகிஸ்தானிய மருத்துவரான நஃபீஸ் சாதிக். வத்திக்கானும் சில இஸ்லாமிய நாடுகளும் கருக்கலைப்பு பற்றிய ஒரு பத்திக்காகப் பல நாட்களை எடுத்துக்கொண்டன. அதனைக் குடும்பக் கட்டுப்பாட்டு முறையாக எவ்விதத்திலும் ஊக்குவிக்கலாகாது, சட்டம் அனுமதிக்கும் இடங்களில் அது பாதுகாப்பானதாக இருக்க வேண்டும் என்ற சமரசத்தில் அது முடிந்தது. செய்தித்தாள்கள் அந்தச் சச்சரவையே பெரிதுபடுத்தின.

179 நாடுகள் ஏற்ற செயல்திட்டத்தில் அதைவிட முக்கியமான பகுதி ஏழாவது அத்தியாயம். கருத்தடையோடு பாதுகாப்பான மகப்பேறு, பால்வினை நோய்த் தடுப்பு, குழந்தையின்மைக்கான மருத்துவம் ஆகியவற்றையும் உள்ளடக்கி, எப்போது, எத்தனை பிள்ளை பெறுவது என்பதை வற்புறுத்தலின்றி முடிவு செய்யும் உரிமையைச் சேர்த்துச் சொல்வதே அதில் விளக்கப்பட்ட 'இனப்பெருக்க நலம்' என்னும் கருத்து. சேவை வழங்குவோர்மீது ஆள்சேர்ப்பு இலக்குகளைச் சுமத்தலாகாது என்றும் அவ்வத்தியாயம் வெளிப்படையாகக் கூறியது. நாட்டின் செல்வத்துக்காகவோ குடும்பச் சொத்துக்காகவோ அல்லாமல் பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று பெரியார் 1930களிலேயே வாதிட்டிருந்ததை அறிந்த தமிழ் வாசகருக்கு, கெய்ரோவில் வென்ற வாதம் முற்றிலும் புதியதாகத் தோன்றாது. எனினும் அவ்வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. புக்காரெஸ்டில் ஏழை நாடுகள் எழுப்பிய கடன், வணிகம் முதலிய கேள்விகள் பின்னுக்குப் போயின. செயல்திட்டத்துக்கு 2000ஆம் ஆண்டில் தேவைப்படும் என மதிப்பிடப்பட்ட 1,700 கோடி டாலரில் மூன்றில் ஒரு பங்கைத் தருவதாக ஏற்ற செல்வ நாடுகள், அதில் பாதியைக்கூடத் தரவில்லை.

இந்தியாவில், கெய்ரோவுக்குச் சில மாதங்கள் முன்பே, எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான வல்லுநர் குழு இலக்குகளைக் கைவிடுமாறு பரிந்துரைத்திருந்தது. 1995-96இல் தமிழ்நாடு, கேரளம் முழுவதிலும் பிற மாநிலங்களின் சில மாவட்டங்களிலும் அவை சோதனை முறையில் நீக்கப்பட்டு, 1996 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் அம்முடிவு விரிவாக்கப்பட்டது. சராசரியாக ஒரு பெண்ணுக்கு இரண்டு குழந்தை என்ற நிலையை ஏற்கெனவே நெருங்கிவிட்ட தென்மாநிலங்களில் இது எளிது; வடக்கே அதிகாரிகள் பழைய பழக்கத்தை விடவில்லை. ஓரிரு ஆண்டுகளில், தேவையைக் கீழிருந்து மதிப்பிடுவது என்ற பெயரில் 'எதிர்பார்க்கப்படும் அடைவு நிலை' என்றொரு பத்தி பதிவேடுகளில் இடம்பெற்றது. பல இடங்களில் அதனை நிரப்பியது மாவட்ட அலுவலகமே. 2012இல் லண்டனில் கூடிய உச்சி மாநாடு, 2020க்குள் மேலும் 12 கோடிப் பெண்களுக்குக் கருத்தடை வசதி என்ற எண்ணை முன்வைத்தபோது, இலக்கு முறை திரும்பக்கூடும் என்று கெய்ரோவை நினைவில் கொண்டிருந்த பெண்ணியர் சிலர் எச்சரித்தனர். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்ட முகாம்களில் அறுவை செய்துகொண்ட பெண்களில் 13 பேர் இறந்தனர். 2016இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கருத்தடை முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்துமாறும், மாநிலங்கள் முறைசாரா இலக்குகளைக்கூட விதிக்காதிருப்பதை உறுதிசெய்யுமாறும் அரசுக்கு ஆணையிட்டது.