மைல்கல் சொல்லித் தந்த எண்கள்

கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் நாங்கள் பேத்திக்கு விஜயதசமியன்று அரிசியில் 'அ' எழுத வைத்தோம். பக்கத்து வீட்டு வங்காளிக் குழந்தைக்கு அதே சடங்கு சரஸ்வதி பூஜையன்று, சிலேட்டில் நடந்தது. 'ஹாதே கோரி' என்பார்கள். இருவரும் இப்போது ஒன்றாம் வகுப்பு.

வங்காளத்தில் அந்த வயதுக்குரிய புத்தகம் என்றால் ஈஸ்வர சந்திர வித்யாசாகரின் 'வர்ணபரிசயம்'தான். 1855-இல் இரண்டு பாகங்களாக வந்தது. வழக்கொழிந்த சில எழுத்துகளை அவர் துணிந்து நீக்கினார். முதலில் எழுத்து, பிறகு சின்னச் சொல், அதன்பின் சிறு வாக்கியம். இன்றைய ஆசிரியர்களும் போகும் பாதைதான் அது. இதே வகைப் புத்தகமான தாகூரின் 'சஹஜ் பாட்' 1930-இல் நந்தலால் போஸின் படங்களோடு வந்தது.

ஆனால் எனக்கு அந்தப் புத்தகங்களைவிடப் பெரிதாகத் தெரிபவர் வித்யாசாகரின் தந்தை தாகுர்தாஸ். கிராமத்திலிருந்து கல்கத்தாவுக்கு நடந்து வரும்போது, "அம்மிக்கல்லை ஏன் ரோட்டோரம் நட்டிருக்கிறார்கள்?" என்று சிறுவன் கேட்டான். தந்தை சிரித்துவிட்டு, அது மைல்கல் என்று விளக்கினார். இறங்கிக்கொண்டே வந்த எண்களை ஒவ்வொரு கல்லாகப் பார்த்தே பையன் ஆங்கில எண்களைக் கற்றான். சோதிக்க நினைத்த தந்தை, ஆறாவது கல்லை அவன் கண்ணில் படாமல் கடத்திவிட்டு, ஐந்தாவதைக் காட்டிக் கேட்டார். "இது ஆறாக இருக்க வேண்டும், தவறாக ஐந்து என்று போட்டிருக்கிறார்கள்" என்றான் மகன்.

பெற்றோரே, டியூஷனுக்கு அனுப்புமுன் பிள்ளையோடு தெருவில் நடங்கள். பஸ் நம்பரையும் கடைப் பலகையையும் வாசிக்கச் சொல்லுங்கள். கேட்கிற கேள்விக்கு நின்று பதில் சொல்லுங்கள்.