புத்தளத்தில் பஸ் கேட்பதற்கு எந்தக் கதவைத் தட்டுவது?

பாலாவிச் சந்தியிலிருந்து கல்பிட்டி வரை நீளும் ஒடுங்கிய நிலத்தில் ரயில் ஓடுவதில்லை. நுரைச்சோலை, ஆலங்குடா, கண்டக்குளி மக்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் டியூஷனுக்கும் பஸ்தான் வழி. மாலையில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் முச்சக்கர வண்டிக் கூலி அன்றைய உழைப்பை விழுங்கிவிடும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் இந்த மாவட்டத்துக்கே வந்தார்கள். போர் முடிந்தும் பல குடும்பங்கள் இரண்டு இடங்களில் வாழ்கின்றன. காணி மன்னாரில், பிள்ளைகளின் பாடசாலை புத்தளத்தில். அநுராதபுரம், மதவாச்சி வழியாகச் சுற்றிப் போனால் ஏறக்குறைய 180 கிலோமீற்றர். எழுவன்குளம் ஊடான பழைய பாதை வில்பத்து தேசியப் பூங்காவுக்குள் செல்வதால், 2010இல் சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் சென்றன. ஆனால் இருக்கிற வீதிகளில் ஓடும் பஸ்களின் நேரத்தைத் திருத்த எந்த வழக்கும் தடையில்லை.

அந்தக் கோரிக்கை பெரும்பாலும் தவறான மேசைக்குப் போய்ச் சேர்வதையே நான் பார்க்கிறேன். பொறுப்பு மூன்றாகப் பிரிந்திருக்கிறது.

புத்தளம்–கல்பிட்டி, புத்தளம்–சிலாபம் போன்று மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களுக்கு வடமேல் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை அனுமதிப்பத்திரம் வழங்குகிறது.

மன்னார், கொழும்பு, அநுராதபுரம் என மாகாண எல்லை தாண்டும் தனியார் பஸ்கள், 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் பொறுப்பு.

சிவப்பு பஸ்கள் இலங்கை போக்குவரத்துச் சபைக்குரியவை. அவற்றுக்கு முதலில் புத்தளம் சாலை முகாமையாளரிடம் பேச வேண்டும்.

“பஸ் போதாது” என்று மட்டும் எழுதினால் கடிதம் கோப்புக்குள் உறங்கும். ஒரு வாரம் தரிப்பிடத்தில் நின்று எண்ணுங்கள்: எந்த நேரத்தில் எத்தனை பேர் காத்திருந்தார்கள், எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள், அவர்களில் மாணவர் எத்தனை, கிளினிக் போகிறவர் எத்தனை. நட்டம் வரும் கிராமத்துப் பாதைகளுக்கும் பாடசாலைச் சேவைக்கும் ‘கெமி சரிய’, ‘சிசு சரிய’ என்ற மானியத் திட்டங்கள் உள்ளன. அவற்றைப் பெயர் சொல்லியே கேளுங்கள்.

நேர அட்டவணையையும் அனுமதிப்பத்திரப் பட்டியலையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கோரலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள், தமிழும் அரச கரும மொழிதான்.

இன்னொன்றும் கேட்கலாம். சுவிஸில் உறவினர் இருந்தால் விசாரித்துப் பாருங்கள். அங்கே ரயில் வந்த சில நிமிடங்களில் கிராமத்து மஞ்சள் பஸ் புறப்படும். கொழும்பு ரயில் பாலாவியில் நிற்கும் நேரத்துக்குக் கல்பிட்டி பஸ்ஸைப் பொருத்துவதற்குப் புதிய வீதி தேவையில்லை. இரண்டு அட்டவணைகளையும் ஒரே மேசையில் விரித்து வைத்தால் போதும்.