ஐம்பது பைசாவுக்கு ஒரு தலைக்குளியல்

செவ்வாய், வெள்ளி பெண்களுக்கு. புதன், சனி ஆண்களுக்கு. எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகும் நாட்களை நம் வீடுகள் இப்படிப் பிரித்து வைத்திருந்தன. பெண்ணுக்குக் கூடுதலாகச் சில நாட்கள் உண்டு: மாதவிலக்கு முடிந்த நாள், பிள்ளை பெற்ற பின் தீட்டுக் கழிக்கும் நாள். கிழமையும் தீட்டும் அவள் தலையைத் தீர்மானித்தன. ‘தலை பிசுபிசுக்கிறது, இன்றைக்குக் கழுவிக்கொள்கிறேன்’ என்று அவளே முடிவுசெய்யும் நாள் மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

முடிவு செய்தாலும் அது லேசான வேலையல்ல. சீயக்காயை வெயிலில் காயவைக்க வேண்டும். பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு, காய்ந்த செம்பருத்தி இலை எல்லாம் சேர்த்து மில்லுக்கு எடுத்துப்போய் அரைத்து, சலித்து, டப்பாவில் அடைக்க வேண்டும். சீயக்காய் வாங்க முடியாத வீடுகளில் அரப்பு இலை. குளிக்கும் நாளில் குடம் குடமாகத் தண்ணீர் சுமக்க வேண்டும். விறகு வைத்துக் காய்ச்ச வேண்டும். கண் எரிய எரிய அலச வேண்டும். பிறகு இடுப்பு வரை தொங்கும் முடியைக் காயவைக்க வேண்டும். காலையில் நடவுக்குப் போகிறவளுக்கு இதற்கு ஏது நேரம்? ஆண்களின் சனிக்கிழமைக் குளியலுக்கும் எண்ணெய் காய்ச்சி, வெந்நீர் விளாவிக் கொடுத்தது வீட்டுப் பெண்கள்தான். ‘அந்தக் காலத்தில் எல்லாம் இயற்கை’ என்று பெருமைப்படுகிறவர்கள் இந்த உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நான் வளர்ந்தது பழைய தென்னாற்காடு மாவட்டத்தில். எனக்கு எண்ணெய்ப் பசையுள்ள மண்டை. பதின்மூன்று வயதில் தொடங்கியது. காலையில் பின்னிய பின்னல் மதியத்துக்குள் நெற்றியில் படிந்துவிடும். பள்ளியிலோ எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு வர வேண்டும் என்பது விதி. எண்ணெய் வைக்காமல் வந்தவளை வகுப்புக்கு வெளியே நிறுத்துவார்கள். ‘விரிச்சுப் போட்டுக்கிட்டு யாரை மயக்கப் போற?’ என்ற கேள்வியும் கூடவே வரும். படிய வாரிய தலை அடக்கத்தின் அடையாளம். அந்த அடக்கத்தின் அடியில் அரிப்பும் பொடுகும் இருந்தால் அது அவள் பாடு.

மண்டையில் எண்ணெய் சுரப்பது அழுக்கோ சோம்பலோ அல்ல. முடிவேர்களை ஒட்டியிருக்கும் சுரப்பிகள் பருவ வயதில் ஹார்மோன்களின் தூண்டுதலால் சுறுசுறுப்பாகின்றன. ஒவ்வொருவருக்கும் அளவு மாறும். ‘அடிக்கடி கழுவினால் இன்னும் அதிகமாகச் சுரக்கும்’ என்பார்கள். சுரப்பிக்குக் கட்டளை உள்ளிருந்து வருகிறது. நாம் தலையில் ஊற்றும் தண்ணீர் அதை மாற்றாது. வறண்ட முடிக்கு எண்ணெய்க் குளியல் சுகம்தான். ஏற்கெனவே எண்ணெய் வழியும் தலைக்கு மேலும் எண்ணெய் தேவையில்லை. இரண்டுக்கும் ஒரே விதி போட்டது வீடும் பள்ளியும்.

ஷாம்பு என்ற சொல்லே இந்தியாவிலிருந்து போனது. பிடித்துவிடு, அமுக்கிவிடு என்ற பொருள்படும் ‘சாம்போ’ என்ற இந்திச் சொல் அது. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடல் பிடித்துவிடுதலும் சேர்ந்த ஒரு குளியலகம் நடத்தினார். அங்கே அதற்குப் பெயர் ‘ஷாம்பூயிங்’. தலை கழுவுதல் என்ற பொருள் பின்னால் வந்தது. 1930களில் சோப்பு அல்லாத செயற்கை நுரைப்பொருள் கொண்ட ஷாம்பு அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து முடியில் ஒட்டிக்கொள்ளும், இது ஒட்டாது. போர்வெல் தண்ணீரில் தலை குளித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். ஆனாலும் நம் ஊரில் ஷாம்பு நெடுங்காலம் பாட்டிலில் அடைபட்ட வசதிக்காரர்களின் பொருளாகவே இருந்தது.

அதை உடைத்தது கடலூர். அங்கே சின்னி கிருஷ்ணன் என்பவர் பொருட்களைச் சிறு பொட்டலங்களில் விற்பதில் ஈடுபட்டிருந்தார். பணக்காரர் வாங்குவதைக் கூலித் தொழிலாளியும் வாங்க முடிய வேண்டும் என்பது அவர் எண்ணம் என்று அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் குடும்பத்திலிருந்து வெல்வெட் ஷாம்பு பாக்கெட் வந்தது. 1983இல் ரங்கநாதன் தனியே பிரிந்து 15,000 ரூபாய் முதலீட்டில் ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கினார். காலி பாக்கெட்டுகள் ஐந்தைக் கொடுத்தால் புதிய பாக்கெட் ஒன்று இலவசம். 1999இல் ஐம்பது பைசா பாக்கெட் வந்தது.

இந்த விற்பனைக் கதையில் ஒரு சிறு செய்தி என்னை நிறுத்தியது. ஷாம்புவே பார்த்திராத கிராமங்களில் அதை எப்படிப் போடுவது என்று செய்துகாட்டினார்கள். கூட்டத்தின் நடுவே ஒரு சிறுவனின் தலையைக் கழுவி, தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள் என்றார்கள். நீளமாக முடி வளர்த்தவர்கள் பெண்கள். ஆனால் தெருவில் ஒரு பெண்ணின் கூந்தலை அவிழ்த்துக் கழுவிக் காட்ட முடியுமா? பையனின் கிராப்புத் தலையைப் பார்த்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள்.

ஐம்பது பைசா என்பது பெண்ணின் கையில் இருந்த காசு. கணவனிடம் கேட்க வேண்டாம். மாமியாரிடம் சாவி வாங்க வேண்டாம். பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் பாக்கெட்டில் ஒன்றைக் கிழித்து வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு, வேலைக்குப் போகுமுன் கால் மணி நேரத்தில் தலை குளித்துவிடலாம். எந்தக் கிழமை என்று யாரும் கேட்கத் தேவையில்லை. ‘ஷாம்பு போட்டால் முடி கொட்டும், நரைக்கும்’, ‘மினுக்கிக்கிட்டுத் திரியறா’ என்ற பேச்சுகள் வந்தன. அந்தப் பேச்சுகளுக்குள் அவள் கையை மீறிப் போகிறாளே என்ற பதற்றமும் இருந்தது.

அதேசமயம் சந்தை வெட்கத்தையும் சேர்த்து விற்றது. நேற்று வரை அடக்கமாக இருந்த எண்ணெய்த் தலை, விளம்பரங்களில் பட்டிக்காட்டுத் தலையானது. எண்ணெய் வைக்காவிட்டால் பள்ளியில் அடி, வைத்தால் கல்லூரியில் கேலி. இரண்டுக்கும் நடுவில் நின்றவள் ஒரே பெண்தான்.

அரசின் கணக்கையும் பாருங்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கு 18 சதவீதம். ஷாம்புவுக்கு, ஆடம்பரப் பொருட்களும் இருந்த 28 சதவீதம். அந்த நவம்பரில் ஷாம்பு 18க்கு இறங்கியது. இரண்டும் 5 சதவீதத்துக்கு வந்தது 2025 செப்டம்பர் 22இல்தான். எண்ணெய் தேவை, ஷாம்பு சொகுசு என்ற பழைய வீட்டு எண்ணம் வரிப் பட்டியலிலும் இருந்திருக்கிறது.

செலவில்லாமல் எண்ணெய்த் தலையைச் சமாளிக்க என்ன வழி என்று மாணவிகள் என்னிடம் கேட்பதுண்டு. நான் செய்வதைச் சொல்கிறேன். பிசுபிசுப்பு வந்தால் கழுவுகிறேன். எனக்கு அது ஒருநாள் விட்டு ஒருநாள். பல பிராண்டுகளில் மில்லி கணக்குப் போட்டால் பாட்டிலை விட பாக்கெட் மலிவு. பால் போலக் குழைவாக இருக்கும், ‘மென்மை’ தருவதாகச் சொல்லும் வகைகள் எண்ணெய்த் தலையைப் படியவைத்துவிடும். தெளிவாக இருக்கும் சாதாரண ஷாம்பு போதும். அதை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து மண்டையில் ஊற்றி விரல் நுனியால் தேய்த்தால், வழியும் நுரையே நுனிமுடிக்குப் போதுமானது. கண்டிஷனரோ இரண்டு சொட்டு எண்ணெயோ நுனிக்கு மட்டும். சீப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை துவைத்துவிடுங்கள். அரிப்போடு செதில் உதிர்ந்தால் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் காட்டுங்கள். அதற்கென மருந்து ஷாம்பு இருக்கிறது.

ஒரு கணக்கு மட்டும் பாக்கியிருக்கிறது. கிழித்தெறிந்த பாக்கெட் மக்குவதில்லை. பல அடுக்கு பிளாஸ்டிக் என்பதால் காயலான் கடையிலும் வாங்குவதில்லை. குளியலறைச் சாக்கடையிலிருந்தும் குப்பைமேட்டிலிருந்தும் அதைப் பொறுக்கி எடுப்பவர்களில் பெரும்பாலோர் தூய்மைப் பணி செய்யும் தலித் பெண்களும் ஆண்களும். ‘பாக்கெட்டை விடுங்கள், பாட்டில் வாங்குங்கள்’ என்று தினக்கூலிப் பெண்ணிடம் சொல்வது எளிது. பாட்டில் வாங்க மொத்தமாகக் கையில் காசு வேண்டும். எண்ணெயையும் மண்ணெண்ணெயையும் அளந்து ஊற்றி வாங்கிய ஊர் இது. ஐந்து ரூபாய்க்கு ஷாம்புவையும் அளந்து ஊற்றட்டும். பாத்திரத்தை நாங்கள் கொண்டுவருகிறோம். காலி பாக்கெட்டைத் திரும்ப வாங்கி வளர்ந்த தொழில்தானே இது!