பெட்ஃபோர்ட் பார்க்கின் அடுப்படிகள்

ஒரு பழைய வீட்டின் வரைபடம் கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது அடுப்படியைத்தான். விக்டோரியா காலத்து லண்டனின் நடுத்தர வர்க்க வீடுகளில் அது பெரும்பாலும் தரைக்கு அடியில், நிலவறையில் இருந்தது. சமைத்த பெண்கள் புகையிலும் ஈரத்திலும் பகலைக் கழித்தார்கள். நிலக்கரியும் வெந்நீரும் அவர்கள் கையில்தான் மாடியேறின.

மேற்கு லண்டனில், டர்ன்ஹாம் கிரீன் ரயில் நிலையத்தை ஒட்டி, 1875இல் ஜோனதன் கார் எழுப்பத் தொடங்கிய புறநகர் பெட்ஃபோர்ட் பார்க். நார்மன் ஷா உள்ளிட்டோர் வரைந்த அதன் செங்கல் வீடுகளில் பொதுவாக நிலவறை கிடையாது. சமையலறை தரைத்தளத்துக்கு வந்தது. கட்டடக்கலை நூல்கள் அங்குள்ள கூரை முகப்புகளையும் வெள்ளை மரவேலிகளையும் கொண்டாடுகின்றன. எனக்கு அடுப்படிக்குக் கிடைத்த பகல் வெளிச்சம்தான் பெரிது. ஆனாலும் மணியடித்தால் ஓடவேண்டியவள் அதே வேலைக்காரப் பெண்தான்.

அங்கிருந்த மன்றத்தில் ஆண்களைப் போலவே பெண்களும் உறுப்பினராகலாம், அந்நாளில் அபூர்வம். (சந்தா கட்ட முடிந்த பெண்கள், அவ்வளவுதான்.) 1890இல் அதன் மேடையில் நடித்த ஃபுளோரன்ஸ் ஃபார், 1912இல் இலங்கைக்குக் கப்பலேறினார். பொன்னம்பலம் இராமநாதன் யாழ்ப்பாணத்தில் நிறுவிய பெண்கள் கல்லூரியை நடத்தும் பொறுப்பேற்றார். 1917இல் கொழும்பில் இறந்தார். அவரைப் பற்றி நூல்கள் உண்டு. அவர் நடித்த மாலைகளில் அத்தெருக்களில் பாத்திரம் துலக்கியவர்களை 1891 குடிக்கணக்கில்தான் தேடவேண்டும். குடும்பத்தார் பெயர்களுக்குக் கீழே ஒரு வரி: பெயர், வயது, பிறந்த ஊர், பணிப்பெண்.