பொன்னேரி ஒன்றா, இரண்டா? லினக்ஸின் கோப்பு முறைமைகளும் தமிழ்ப் பெயர்களும்

1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரம், சென்னை மாநிலங்களின் எல்லை திருத்தப்பட்டபோது, செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த ஊர்கள் சித்தூர் மாவட்டத்துக்குச் சென்றன. சத்தியவேடு வட்டம் உருவாயிற்று. 2022இல் சத்தியவேடு திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. இத்தகைய எல்லை ஊர்களின் பழைய ஆவணங்களை மின்னுருவாக்கி, ஊர்ப்பெயரையே கோப்புப் பெயராக இட்டு லினக்ஸ் கணினியில் சேமிக்க முனைவோர், அதன் முதன்மை வட்டுப் பிரிவுக்குரிய கோப்பு முறைமையை முதலில் தேர்ந்தாக வேண்டும். வேகம், மின்தடையைத் தாங்கும் திறன், வட்டின் கொள்ளளவு ஆகியவையே இத்தேர்வின் வழக்கமான அளவுகோல்கள். எழுத்தும் ஓர் அளவுகோல் என்பதை இம்முறைமைகளின் வரலாறு காட்டுகிறது.

1991இல் லினக்ஸ் தோன்றியபோது மினிக்ஸின் கோப்பு முறைமையையே கடன் வாங்கியது. அதில் ஒரு பெயருக்கு 14 பைட்டுகளே இடம். பின்னர் அது 30 ஆக நீட்டப்பட்டது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். இன்று வழங்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்திலோ ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளைப் பிடிக்கும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகளே. அக்கணக்கில் ‘சத்தியவேடு’ 10 குறிகள், சரியாக 30 பைட்டுகள். அப்பழைய முறைமையில் ஊர்ப்பெயருக்கு மேல் ஓர் ஆண்டெண்ணைச் சேர்க்கவும் இடமிராது.

1992இல் ரெமி கார்ட் உருவாக்கிய எக்ஸ்ட் முறைமை இவ்வரம்பை 255 ஆக உயர்த்தியது. 1993இல் எக்ஸ்ட்2 வந்தது. 2001இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த எக்ஸ்ட்3, மாற்றங்களை முன்கூட்டியே குறிப்பேட்டில் பதியும் வசதியைத் தந்ததால், திடீர் மின்தடைக்குப் பின் வட்டு முழுவதையும் நெடுநேரம் சோதிக்கும் தேவை பெரிதும் நீங்கியது. 2008 டிசம்பரில் எக்ஸ்ட்4 நிலைபெற்றது. 2014இல் ஓப்பன்சூசேயும் 2020இல் ஃபெடோராவும் பிடிஆர்எஃப்எஸ் முறைமையை இயல்புத் தேர்வாக்கின. பெயரின் வரம்பு மட்டும் 255 பைட்டுகளாகவே நின்றது: ஆங்கிலத்துக்கு 255 எழுத்துகள், தமிழுக்கு 85 குறிகள்.

நீளத்தைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. ‘பொ’ என்பதன் உயிர்க்குறியை ஒருங்குறியில் இரு விதமாக எழுதலாம்: கொம்பும் காலும் இணைந்த ஒரே குறியாக, அல்லது கொம்பு ஒரு குறி, கால் மற்றொரு குறியாக. இரண்டும் சமம் என்பது ஒருங்குறியின் விதி. ஆயினும் முதல் வடிவில் ‘பொன்னேரி’ 24 பைட்டுகள். இரண்டாம் வடிவில் 27. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஆகியவை இயல்பு நிலையில் பைட்டுகளை மட்டுமே ஒப்பிடுபவை. ஆகவே ஒரே அடைவில் இரண்டு ‘பொன்னேரி’ கோப்புகள் அருகருகே இருக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது.

இது கற்பனை அச்சமன்று. 1998இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அத்தகைய வட்டிலிருந்து லினக்ஸுக்குப் படியெடுத்த கோப்புகள் பிரிந்த பெயர்களோடே வந்து சேரக்கூடும். கட்டளைவரியில் இணைந்த வடிவில் தட்டெழுதித் தேடுபவர், ‘அக்கோப்பு இல்லை’ என்ற விடையையே பெறுவார். ஓர் ஊரின் பதிவேடு வட்டில் இருந்தும் இல்லாததாகிவிடும்.

இதற்கு இரு தீர்வுகள் உண்டு. இசட்எஃப்எஸ் முறைமையில் சம வடிவங்களை ஒன்றாகக் கொள்ளுமாறு பணிக்கலாம். ஆனால் சேமிப்புப் பகுதியை உருவாக்கும் வேளையில் மட்டுமே அது இயலும். 2019இல் கெர்னல் 5.2 வழியாக எக்ஸ்ட்4 முறைமைக்கும் அவ்வசதி கிடைத்தது. ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகக் கருதுவதற்காக அமைந்த வசதி அது. அவ்வேறுபாடே இல்லாத தமிழுக்கு, அதன் உள்ளே இயங்கும் சமவடிவ ஒப்பீடு பயன்படுகிறது. அதையும் வெற்று அடைவிலேயே இயக்க முடியும்.

ஔகாரக் குறியின் வலப்பாகத்துக்கு மாற்றாக ‘ள’ என்னும் எழுத்தையே தட்டும் பழக்கத்தை இவை எவையும் திருத்தா. ஒருங்குறிக்கு அவை வெவ்வேறு சொற்கள். அதற்கு மனிதரே மெய்ப்புப் பார்க்க வேண்டும்.

ஆகவே, முதன்மைப் பிரிவுக்கு எக்ஸ்ட்4 இன்றும் ஏற்ற தேர்வே. ஆவணங்களுக்கு மட்டும் தனிப் பிரிவு ஒதுக்கி, முதற்கோப்பு நுழையுமுன் சமவடிவ ஒப்பீட்டை இயக்குவதும், வரும் பெயர்களையெல்லாம் இணைந்த வடிவுக்கு மாற்றுவதும் நன்று. பல்லாயிரம் கோப்புகள் சேர்ந்த பின் இதைச் செய்யப் புகுந்தால், எந்தப் பொன்னேரி எந்தப் பதிவேட்டுக்குரியது என்பதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தே முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.