மரப்பொந்தில் தேனும் மானிறைச்சியும்

வேட்டையைப் பற்றி எழுதப் புகுந்தோர் பலரும், அம்பு வில்லை விட்டுப் பாயும் கணத்தையே விஸ்தாரமாக வருணித்து, மான் தரையிற் சாய்ந்ததும் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகின்றனர். உஷ்ணப் பிரதேசத்து வேடனுக்கோ மெய்யான சோதனை அதற்குப் பின்னரே ஆரம்பமாகிறது. நாழிகைகள் சில கடந்தால் கெட்டு நாறிப்போகும் ஊனைத் தன் குடும்பத்தின் பல நாள் ஆகாரமாக மாற்றத் தெரியாதவன், எத்துணைக் குறி தவறாத வில்லாளியாயினும் பட்டினி கிடக்க வேண்டியவனே.

இலங்கையின் விந்தனைக் காடுகளில் வாழ்ந்த வேடர் இந்த வித்தையில் தேர்ந்தவர்கள். அவர்களுடைய இனத்தவருள் கிழக்குக் கரையை அடுத்து வாழ்வோர் தமிழ் பேசுபவராயிருப்பதால், இச்சரித்திரம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. அந்தக் கீழ்த்திசைப் பிரதேசத்தில் வாடை மழை ஓய்ந்து, கோடை முற்றி, குளங்களும் மடுக்களும் வற்றும்போது, புள்ளிமானும் மரையும் எஞ்சிய நீரை நாடி வந்து கூடும். ஆகவே வேட்டைக்கு மிக உகந்த பருவமே இறைச்சிக்கு மிகப் பகையான பருவமாகவும் அமைந்துவிட்டது.

விழுந்த மானின் உடற்சூடு தானே தணியுமென்று காத்திருக்க அவ்வெயிலில் அவகாசமில்லை. குடலை உடனே அகற்றி, தோலை உரித்து, நிழலில் காற்றுப்படச் செய்ய வேண்டும். தாமதித்தால் உள்ளிருந்து அழுகலும் வெளியிலிருந்து ஈயும் ஒருங்கே தொடங்கிவிடும். பின்னர் தசையை அதன் நார் ஓடும் வழியே நீண்ட மெல்லிய கீற்றுகளாக அரிந்து, பச்சைக் கொம்புகளாலான பரணில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, கீழே சுவாலையின்றிப் புகையும் கனலை வைப்பார்கள். கனல் மிகுந்தால் மேற்புறம் கருகி உட்புறம் ஈரமாகவே நின்றுவிடும். குறைந்தால் ஈ மொய்த்துவிடும். கெடுப்பதும் வெப்பம், காப்பதும் வெப்பம் என்ற இந்த நுட்பத்தை, அளவுகருவி ஒன்றுமின்றிக் கையாலும் மூக்காலும் அறிந்திருந்தார்கள். நம் வீடுகளில் ஆட்டிறைச்சியைக் கீறி, உப்பும் மஞ்சளும் பிசறி, நூலிற் கோத்துக் கொடியில் உலர்த்தும் உப்புக்கண்டமும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததே. ஆனால் உப்போ, நடுக்காட்டில் வாழ்பவனுக்குக் கடற்கரையிலிருந்து பண்டமாற்றில் வந்து சேரவேண்டிய பொருள்.

இறைச்சியைத் தீயின்மேல் உலர்த்தும் இவ்வழக்கத்துக்குப் பழைய சாட்சி ராபர்ட் நாக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி. 1660ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டு, ஏறத்தாழ 20 ஆண்டுகள் அவ்வரசனுடைய நாட்டில் சிறையிருந்து, 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பி வந்த அவர், 1681இல் லண்டனில் வெளியிட்ட தம் நூலில் வேடரைப் பற்றிச் சில பக்கங்களே எழுதியிருப்பினும், அவை விலைமதிப்பற்றவை. வேடர் மானைக் கொன்று, ஊனைத் தீயின்மேல் உலர்த்துவர் என்றும், நாட்டுமக்கள் வந்து அதை வாங்கிச் செல்வர் என்றும் கூறுகிறார். அம்பு தேவைப்படும் வேடன், இரவில் ஒரு சுமை இறைச்சியைக் கொண்டுவந்து கொல்லன் பட்டறையில் தொங்கவிட்டு, வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய இலையொன்றையும் அதனருகே தொங்கவிட்டுச் செல்வானாம்; கொல்லன் அம்மாதிரியே அம்பு செய்து வைத்தால் அவனுக்கு மேலும் இறைச்சி வந்து சேருமாம். முகம் பாராமல், ஒரு வார்த்தை பேசாமல் நடந்த இந்த வாணிபத்தில் நாணயமாக விளங்கியது மானிறைச்சியே. வேடன் அதைப் பக்குவமாக்கும் வித்தையை அறியாதிருந்தால், கொல்லனுக்கு அது பண்டமாகியிராது. வேடனுக்கு இரும்பு அம்பும் கிட்டியிராது.

இதனினும் ஆச்சரியமானது நாக்ஸ் குறிப்பிடும் மற்றொரு முறை. மரமொன்றைக் குடைந்து, அப்பொந்தில் தேனை வார்த்து, இறைச்சியை இட்டு நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். பஞ்சகாலத்துக்கு அது சேமநிதி. செங்குத்தான பாறைகளில் கொடியேணி கட்டி இறங்கித் தேனெடுப்பதில் வேடர் வல்லவர்களாதலால், அவர்களுக்கு அது எளிதிற் கிட்டிய பொருள். தேனில் நீர் குறைவு, சர்க்கரை மிகுதி. அது ஊனிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கொள்வதால் கிருமி பிழைக்க வழியில்லாமற் போகிறது. களிமண் காற்றையும் எறும்பையும் தடுக்கிறது. சேக்கிழார் பெருமான், வேடராகிய கண்ணப்பர் ஊனிலே தேன் கலந்து காளத்தியப்பருக்குப் படைத்ததாகப் பாடும்போது, நாம் அதைப் பக்தியின் மிகுதியாக மட்டுமே வாசித்து வந்திருக்கிறோம். வேடர் வாழ்க்கையில் ஊனும் தேனும் எவ்வளவு நெருங்கிய உறவினர் என்பதை உணர்ந்தபின், அந்தக் காட்சி என் மனத்தில் இன்னும் உயிர்பெற்று விளங்குகிறது.

இலங்கையில் 1937இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1983இல் மாதுரு ஓயா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, தம்பானை வேடர் வேட்டையாடித் திரிந்த நிலம் அதனுள் அடங்கிற்று. மானைக் காப்பது அவசியமே; அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் வில் ஓய்ந்தபோது பரணும் பொந்தும் பற்றிய ஞானமும் உடன் ஓய்ந்து வருகிறது. அந்தப் பக்கம் யாத்திரை போகும் தமிழன்பர்கள், அங்குள்ள முதியோரிடம் அம்பைப் பற்றி மட்டும் கேட்டுத் திரும்பிவிடாமல், இறைச்சியை எங்ஙனம் காத்தார்கள் என்பதையும் பொறுமையுடன் கேட்டு எழுதி வைக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.