தனிநபர் ஆவணங்களில் அந்தரங்கமும் ஆய்வுப் பயன்பாடும்: எலியட் – ஹேல் கடிதங்களை முன்வைத்து

முன்னுரை

கடிதம், நாட்குறிப்பு முதலான தனிநபர் ஆவணங்கள் வரலாற்றாய்வுக்கு இன்றியமையாத சான்றுகள். அரசு ஆவணம் அலுவல் நோக்கில் உருவாவது. கடிதமோ ஒருவரை மட்டும் கருதி எழுதப்படுவது. அதனைக் காப்பகத்திற்கு வழங்குபவர் பெரும்பாலும் அதனைப் பெற்றவரோ அவர்தம் வாரிசோ ஆவர். எழுதியவரின் இசைவும், கடிதத்தில் பேசப்படும் மூன்றாமவரின் இசைவும் பல வேளைகளில் பெறப்படுவதில்லை. எனவே அந்தரங்கத்தைக் காத்தல், ஆய்வுக்குத் திறத்தல் ஆகிய இரு கடமைகளும் காப்பகத்தின்மேல் ஒருங்கே விழுகின்றன. காலவரையறையோடு மூடிவைத்தலே இவ்விரண்டையும் நிறைவேற்ற வல்லது என்பதை, கவிஞர் டி. எஸ். எலியட் எமிலி ஹேலுக்கு எழுதிய கடிதங்களின் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

மூடப்பட்டவையும் அழிக்கப்பட்டவையும்

அமெரிக்கக் கல்லூரிகளில் நாடகம் பயிற்றுவித்த ஹேலுக்கு, 1930 முதல் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் எலியட் எழுதிய 1,131 கடிதங்கள் கிடைத்துள்ளன. தம்மிடமிருந்த இக்கடிதங்களை 1956இல் ஹேல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்திற்கு வழங்கினார். இருவருள் பின்னர் இறப்பவரின் மறைவுக்குப்பின் 50 ஆண்டுகள் கழியும்வரை அவற்றை எவரும் படிக்கலாகாது என்பது நிபந்தனை. எலியட் 1965இலும் ஹேல் 1969இலும் மறைந்தனர். 2020 சனவரி 2ஆம் நாள் கடிதங்கள் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன.

எலியட் 1960இல் எழுதி ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் சேர்ப்பித்திருந்த அறிக்கையும் அதே நாளில் வெளியாயிற்று. ஹேல் தமக்கு எழுதிய கடிதங்கள் தம் வேண்டுகோளின்படி அழிக்கப்பட்டுவிட்டன என்று அதில் அவர் குறித்திருந்தார். இளமையில் ஹேலைக் காதலித்ததை ஒப்பும் அவ்வறிக்கை, பிற்கால உறவுக்கு அப்பெயரைத் தர மறுக்கிறது. 1930களின் கடிதங்களோ ஆழ்ந்த காதலை வெளிப்படையாகவே பேசுகின்றன. பிரின்ஸ்டன் தொகுதி இல்லாதிருந்தால், எலியட்டின் இறுதிக் கூற்றே வரலாறாக நிலைத்திருக்கும்.

மூடிவைத்தலும் எரித்தலும் அந்தரங்கத்தையே காத்தன. ஆயின் விளைவுகள் வேறு. மூடிவைத்தல் ஆய்வைத் தள்ளிப்போட்டது. எரித்தல் அதனை இல்லாமலாக்கியது. அவ்விழப்பும் இருவருக்கும் சமமாக அமையவில்லை. ஹேல் தம் தரப்பைச் சுருக்கமாக எழுதிவைத்தாரேனும், அவருடைய கடிதங்களின் உள்ளடக்கத்தைப் பெரிதும் எலியட்டின் மறுமொழிகளிலிருந்தே இன்று ஊகிக்க வேண்டியுள்ளது. ஒருவரின் அந்தரங்கத்திற்கான விலையை மற்றொருவரின் குரல் கொடுத்திருக்கிறது.

இந்தியச் சூழல்

இந்தியாவில் 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் அடிப்படையில் அரசு ஆவணங்களுக்குரியது. தனியாரிடமிருந்து ஆவணம் பெற அதன் 11ஆம் பிரிவு இடமளிப்பினும், கடிதங்களை எத்தனை ஆண்டு மூடிவைப்பது என்பதை அது வரையறுப்பதில்லை. கொடையாளருடன் செய்யப்படும் உடன்படிக்கையே இங்கு முதன்மை பெறுகிறது. 2017இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஏற்றபின் இவ்வுடன்படிக்கையின் பொறுப்பு கூடியுள்ளது. மேலும், கடிதத்தாள் பெற்றவருடையதாயினும் பதிப்புரிமை எழுதியவருடையது. படிப்பதற்கான இசைவு, பதிப்பிப்பதற்கான இசைவு ஆகாது.

தமிழிலும் பெற்றவரின் பேணுதலே சான்றுகளைக் காத்துள்ளது. உ. வே. சாமிநாதையருக்கு வந்த கடிதங்களுள் 1877 முதல் 1900 வரையிலானவை ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பாக 2018இல் வெளிவந்தன. நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி அவற்றில் அந்தரங்கச் சிக்கலைப் பெரிதும் தணித்துவிட்டது. அண்மைக்கால எழுத்தாளர்தம் கடிதங்களுக்கு அத்தகைய இடைவெளி இல்லை. அவற்றில் இடம்பெறுவோர் பலர் இன்றும் வாழ்பவர்கள்.

முடிவுரை

ஆகவே கொடைப் பத்திரம் மூன்றனைத் தெளிவாக்க வேண்டும்: மூடப்படும் பகுதி எது, திறக்கப்படும் நாள் எது, இடைக்காலத்தில் முடிவெடுப்பவர் யார். மூடிய பெட்டியும் அட்டவணையில் இடம்பெற வேண்டும். இருப்பதே தெரியாத ஆவணத்திற்காக ஆய்வாளர் காத்திருக்க இயலாது. நாள் குறிக்காத மூடுதல், பொறுப்பாளர் மாறுந்தோறும் மாறும் தன்மையது. திறக்கும் நாள் உறுதியாக இருக்கும்போதுதான் கொடையாளர் அச்சமின்றி வழங்குவார். தீக்கிரையாகக்கூடிய கடிதங்களும் காப்பகத்தை வந்தடையும்.